லாக்ஸ்டனில் உழவுச் சாலுக்கு ஒரு நீதிமன்றம்

சென்ற பொங்கலை ஒட்டி நம் சங்கத்தில் நடந்த கலந்துரையாடலுக்கு வந்திருந்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். கிராமங்களின் எதிர்காலம் பற்றிய பேச்சு. மகனைப் பார்க்க இங்கிலாந்து போய்த் திரும்பிய ஓர் அன்பர் அங்குள்ள கிராமங்களின் அழகை வியந்து பேசினார். கல் வீடுகள், ரோஜாச் செடிகள், வேலியோர நடைபாதைகள், ஒரு காகிதத் துண்டுகூடக் கிடக்காத தெருக்கள். "நம் ஊர்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது" என்று முடித்தார். உடனே இன்னொருவர் எழுந்தார். "ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை போட்டவர்கள் நாம். அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?" என்றார். இருவருக்கும் பலத்த கைதட்டல். நானும் இருவருக்கும் தட்டினேன். வீடு திரும்பும்போது பேருந்தில்தான் அது உறுத்தத் தொடங்கியது.

உறுத்தியதற்குக் காரணம், ஓர் இங்கிலாந்துக் கிராமத்தின் சேற்றில் ஒரு நாள் முழுதும் நடந்தவன் நான். அன்றைக்கு மேடையேறிச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இங்கே எழுதிவிடுகிறேன்.

என் மகள் சில ஆண்டுகள் நாட்டிங்காம் நகரில் வேலையில் இருந்தாள். ஒரு நவம்பர் மாதம் அவளுடன் தங்கியிருந்தபோது, "அப்பா, உங்களுக்குப் பிடிக்கும்" என்று லாக்ஸ்டன் என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். நாட்டிங்காம்ஷயரில், நியூவார்க் நகருக்கு வடக்கே சுமார் பத்து மைலில் இருக்கிறது. நான் ஒரு கர்ணத்தின் மகன் என்பது அவளுக்குத் தெரியும். நில அளவு, எல்லை, புறம்போக்கு என்று யாராவது பேசினால் நான் சோறு தண்ணீர் மறந்து கேட்பேன் என்பதும் தெரியும்.

காலண்டரில் வரும் இங்கிலாந்துக் கிராமத்தை எதிர்பார்த்துப் போனால் லாக்ஸ்டனில் ஏமாற்றம்தான். செங்கல் வீடுகள், வளைவோட்டுக் கூரைகள், தெருவைப் பார்க்காமல் பக்கச் சுவரைத் தெருவுக்குக் காட்டி நிற்கும் பண்ணை வீடுகள், பின்னால் தொழுவம், களஞ்சியம், டிராக்டர். ஒரு பழைய மாதா கோவில். வடக்கே புல் மூடிய பெரிய மண்மேடு ஒன்று. நார்மன் காலத்துக் கோட்டை இருந்த இடம். ஊர் நடுவில் ஒரு சாராயக் கடை. சாராயக் கடை என்று சொன்னால் சங்கத்துப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அங்கே 'பப்' என்பது ஊர்ச் சாவடி மாதிரி. இந்தக் கடைக்குப் பெயர் 'டவ்கோட் இன்', அதாவது புறாமாடம். நான் குடித்தது தேநீர் மட்டுமே என்பதற்கு மகள் சாட்சி.

லாக்ஸ்டனின் விசேஷம் ஊருக்கு வெளியே இருக்கிறது. இங்கிலாந்தின் நிலக்காட்சி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வேலிகள் சூழ்ந்த சின்னச் சின்ன வயல்கள். விமானத்திலிருந்து பார்த்தால் ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி தெரியும். லாக்ஸ்டனில் ஊரைச் சுற்றி மூன்று பெரிய வயல்கள் இருக்கின்றன: மேற்கு வயல், தெற்கு வயல், ஆலை வயல். இவற்றுக்குள் வேலியோ வரப்போ கிடையாது. ஒரே வெளி. அந்த வெளி நீளநீளமான பட்டைகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பட்டையும் ஒரு குடியானவரிடம் இருக்கிறது. ஒருவருக்கு ஒரே இடத்தில் நிலம் இல்லை. மூன்று வயல்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். நல்ல மண்ணும் களிமண்ணும், மேடும் பள்ளமும் எல்லோருக்கும் பங்கு.

ஆண்டுக்கு ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகாலத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு. தரிசு என்றாலும் இக்காலத்தில் அதில் கால்நடைத் தீவனம் போடுகிறார்கள். மறு ஆண்டு முறை மாறும். இன்ன வயலில் இந்த ஆண்டு இன்னது என்பதைத் தனி மனிதர் தீர்மானிக்க முடியாது. நடுக்காலத்தில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இதுதான் விவசாய முறை. இன்று பழைய நிர்வாகத்தோடு சேர்ந்து இது உயிரோடு இருப்பது லாக்ஸ்டனில்தான்.

இந்தப் பட்டைகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. ஏக்கர், பர்லாங்கு, செயின் என்று என் தந்தை பேசிய பேச்செல்லாம் இந்த மண்ணில் பிறந்தது. மாட்டு ஏர் ஒரு மூச்சில் இழுக்கும் சாலின் நீளம் பர்லாங்கு, 220 கெஜம். அந்த நீளத்துக்கு 22 கெஜம் அகலம் உழுதால் ஒரு ஏக்கர். ஏறக்குறைய ஒரு நாள் உழவு. அந்த 22 கெஜத்தைத்தான் பதினேழாம் நூற்றாண்டில் எட்மண்ட் குண்டர் என்பவர் நூறு கண்ணியுள்ள சங்கிலியாக்கினார். அதே சங்கிலி கப்பலேறி வந்து நம் ஊர் வயல்களில் இழுபட்டது. ஏக்கரில் நூறில் ஒரு பங்கு 'சென்டு' என்று நாம் இன்றும் மனை வாங்குகிறோம். எந்த நாட்டு மாட்டின் மூச்சோ நம் பத்திரங்களில் இருக்கிறது.

நாங்கள் போன நாள் ஜூரி நாள். இதை நினைத்துத்தான் மகள் அழைத்துப் போயிருக்கிறாள். நவம்பர் கடைசியில், கோதுமை விதைப்பு முடிந்த பிறகு, குடியானவர்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பிரமாணம் செய்துவைக்கப்பட்ட பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி அந்த ஆண்டின் கோதுமை வயலைப் பார்வையிடப் போகிறது. டிராக்டர் வண்டியில் ஏறிப் போவார்கள், இறங்கி நடப்பார்கள். ஒவ்வொரு பட்டையின் எல்லையிலும் முளைக்கம்பு அடிப்பார்கள். பக்கத்துப் பட்டைக்குள் யாராவது சால் ஓட்டியிருக்கிறாரா? பாதையோரத்தை உழுதிருக்கிறாரா? வடிகால் தூர்ந்திருக்கிறதா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, 'சைக்' எனப்படும் புல்வெளிக்குள் கலப்பை நுழைந்திருக்கிறதா?

சைக் என்பது வயலுக்கு நடுவே உழ முடியாத ஈரத் தாழ்விலும் சரிவிலும் விட்டுவைத்த புல் நிலம். ஊர்ப் பொது. அந்தப் புல்லை ஆண்டுதோறும் ஏலம் விடுகிறார்கள். பல நூறு ஆண்டுகளாகக் கலப்பை படாத மண் என்பதால் வேறெங்கும் அருகிவிட்ட காட்டுப்பூக்கள் அங்கே பூக்கின்றன. அரசாங்கம் அவற்றைச் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் உள்ள இடமாக அறிவித்திருக்கிறது. ஒரு சாண் இந்தப் பக்கம் சால் நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. ஆண்டுக்கு ஒரு சாண் நகர்ந்தால் ஒரு தலைமுறையில் சைக் இருக்காது. இது கர்ணம் வீட்டில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று தூறல். நாங்கள் ஓரமாக நின்றுதான் பார்த்தோம். வயதான ஒருவர் குனிந்து புல்லையும் உழவு மண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். மற்ற இருவர் வந்து பார்த்தார்கள். ஏதோ பேசினார்கள், ஒரு முளையைப் பிடுங்கிக் கொஞ்சம் தள்ளி அடித்தார்கள், அடுத்த பட்டைக்குப் போனார்கள். அவ்வளவுதான். நாள் முழுதும் இதே வேலை. யாரும் உரை ஆற்றவில்லை. யாருக்கும் பொன்னாடை போர்த்தவில்லை.

ஒரு வாரம் கழித்து அதே புறாமாடம் கடையில் 'கோர்ட் லீட்' என்ற நீதிமன்றம் கூடுகிறது. மேனர் என்ற பண்ணை ஆட்சியின் பழைய நீதிமன்றம் இது. நிலக்கிழாரின் சார்பில் ஸ்டூவர்ட் என்ற அதிகாரி தலைமை தாங்குவார். ஜூரி தாங்கள் கண்டதைச் சொல்லும். தப்புச் செய்தவருக்குச் சில பவுன்கள் அபராதம். ஜூரியில் இருப்பவரே அபராதம் கட்ட நேரலாம். அவரும் பட்டை வைத்திருப்பவர்தானே. அடுத்த ஆண்டு ஜூரிக்கும் அங்கேயே பிரமாணம். 'பிண்டர்' என்று ஒரு பதவி உண்டு. மேயத் தப்பிவந்த மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைப்பவர். நம் ஊர்களில் 'பவுண்டு' என்று மாட்டை அடைத்து வைப்பார்களே, அந்த வழக்கத்தின் மூலம் இதுதான். 1871இல் வந்த கால்நடை அத்துமீறல் சட்டம் அதை நமக்கு நிலைப்படுத்தியது. லாக்ஸ்டனில் அந்தப் பட்டியின் சுவர் இன்றும் நிற்கிறது.

இதை வேடிக்கைச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். 1977இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம், நாடு முழுவதும் பெயருக்கு எஞ்சியிருந்த இத்தகைய பழைய நீதிமன்றங்களின் விசாரணை அதிகாரத்தை நீக்கியது. லாக்ஸ்டனுக்கு விலக்குக் கொடுத்து வைத்தது.

இந்த ஊர் எப்படித் தப்பியது என்பது தனிக்கதை. 1086ஆம் ஆண்டு நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏட்டிலேயே லாக்ஸ்டன் இருக்கிறது. 1635இல் மார்க் பியர்ஸ் என்ற அளவையாளர் ஊர் முழுவதையும் பட்டை பட்டையாக அளந்து ஒரு வரைபடம் வரைந்தார். ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. வீடு, பட்டை, சைக் எல்லாம் அதில் உண்டு. உழுகிறவர்களையும் அறுக்கிறவர்களையும் வேட்டையாடுகிறவர்களையும் சிறு சித்திரமாகப் போட்டிருக்கிறார். அளக்கச் சொன்னவர் அப்போது ஊரை வாங்கியிருந்த சர் வில்லியம் கோர்ட்டன் என்ற லண்டன் வியாபாரி. அதே 1635இல் சார்லஸ் மன்னரிடம் அனுமதி பெற்று, கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போட்டியாக இந்தியாவுக்குக் கப்பல் அனுப்ப ஏற்பாடு செய்த கூட்டத்துக்குப் பணம் போட்டவரும் இவரே. அந்தக் கூட்டத்தார் பின்னர் கார்வாரில் கிடங்கு வைத்தார்கள். ஒரு கையில் லாக்ஸ்டனின் பட்டைகள், மறு கையில் நம் கரையோர மிளகு. மனிதர் மறு ஆண்டே காலமாகிவிட்டார்.

பிறகு வந்தது வேலியடைப்புக் காலம். பொது வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் துண்டாக்கித் தனியார் பெயரில் வேலி போட நாடாளுமன்றம் தனித்தனிச் சட்டங்கள் இயற்றிக்கொண்டே போனது. 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட சட்டங்கள். 68 லட்சம் ஏக்கர். இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. விளைச்சல் கூடியது உண்மை. புதிய பயிர் முறைக்கு வழி பிறந்ததும் உண்மை. ஆனால் ஒரு பசுவும் நாலு வாத்தும் பொது நிலத்தில் மேய்த்துப் பிழைத்தவன் கூலிக்காரனானான். பலர் ஆலை நகரங்களுக்குப் போனார்கள். ஜான் கிளேர் என்ற விவசாயக் கூலிக் கவிஞர் தம் ஊர் வேலியடைக்கப்பட்டதைப் பாடிப் பாடி மனம் நொந்தார். நம் அன்பர் வியந்த அந்த வேலியோர நடைபாதைகளில் பலவற்றுக்கு வயது இருநூறு சொச்சம்தான். அந்த வேலிக்குள் யார் யாருடைய மேய்ச்சல் உரிமை போயிற்று என்பதை ரோஜாச் செடி சொல்லாது.

லாக்ஸ்டன் தப்பியது யாருடைய ஞானத்தாலும் அல்ல. அங்கே இரண்டு பெரிய நிலக்கிழார்கள் இருந்தார்கள். மான்வர்ஸ் பிரபு ஒருவர், ஸ்கார்பரோ பிரபு மற்றொருவர். இருவரும் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போக வழி பிறந்தபோது விவசாயத்தில் லாபம் குறைந்து, வேலிக்குச் செலவழிக்க யாருக்கும் மனமில்லை. பங்காளிச் சண்டையால் பிழைத்த சொத்து என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அப்படி. வயல்களின் பரப்பும் பட்டைகளின் எண்ணிக்கையும் காலப்போக்கில் வெகுவாகக் குறைந்துவிட்டன. இன்று பட்டை வைத்திருக்கும் பண்ணைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

இந்த இடத்தில் நம் நாட்டுப் பக்கம் ஒரு நிமிடம் திரும்ப வேண்டும். இங்கிலாந்தில் வேலியடைப்பு உச்சத்தில் இருந்த அதே காலத்தில்தான் 1793இல் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் வந்தது; பிறகு சென்னை மாகாணத்தில் மன்றோவின் ரயத்துவாரி முறை வேரூன்றியது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சொந்தக்காரன், ஒரு வரி, மீதி சர்க்காருடையது என்ற எண்ணம் இரு நாட்டிலும் ஒன்றுதான். அதற்கு முன் தொண்டை மண்டலத்தில் வேறு வழக்கம் இருந்ததை எல்லிஸ் துரை 1818இல் மிராசு உரிமை பற்றி எழுதியபோது விவரித்திருக்கிறார். பங்காளிகள் குறிப்பிட்ட ஆண்டுக்கொரு முறை நிலத்தை மாற்றிப் பங்கிட்டுக்கொண்ட ஊர்கள் பசுங்கரை. ஒரேயடியாகப் பங்கு பிரித்தவை அறுதிக்கரை. நல்ல நிலமும் கெட்ட நிலமும் சுற்றி வர வேண்டும் என்ற அதே கணக்கு. வைசிராய் சபையில் 1862 முதல் 1869 வரை சட்ட உறுப்பினராக இருந்த ஹென்றி மெயின், ஊர் திரும்பி ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவுகளை 1871இல் கீழை மேலைக் கிராம சமுதாயங்கள் பற்றிய நூலாக வெளியிட்டார். இந்தியக் கிராமத்தைப் பார்த்தபின்தான் இங்கிலாந்தின் பழைய வயல் முறை அவருக்கு முழுதாக விளங்கியது. அவருடைய கொள்கைகளில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். ஆனாலும், தம் நாட்டில் அழித்த ஒன்றின் அடையாளத்தை நம் நாட்டில் கண்டு வியந்த அந்தக் காட்சி என் மனத்தை விட்டுப் போவதில்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். லாக்ஸ்டனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட நான் தயாரில்லை. ஏனென்றால் ஜூரிக்கு உள்ள அதிகாரம் சாலோடு நின்றுவிடுகிறது. அந்தக் குடியானவர்கள் பெரும்பாலும் குத்தகைதாரர்கள். மான்வர்ஸ் பிரபு 1952இல் ஊரை விவசாய அமைச்சகத்துக்கு விற்றார். அந்த முறை அழியாமல் காக்கப்பட வேண்டும் என்பது அப்போது நோக்கம். 1981இல் அது அமைச்சகத்திடமிருந்து கிரௌன் எஸ்டேட் என்ற அரச சொத்து நிர்வாகத்துக்குக் கைமாறியது. 2018இல் அந்த நிர்வாகம் ஊரைக் கைவிடத் தீர்மானித்தது. 2020இல் தோர்ஸ்பி பண்ணைக்கு விற்றது. பழைய மான்வர்ஸ் குடும்பத்தின் பண்ணை அது. சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கே வந்துவிட்டது. புதிய சொந்தக்காரர்கள் அந்த முறையைக் காப்பார்கள் என்றே நம்புவோம். ஆனால் இதைக் கவனியுங்கள்: ஒரு சாண் சால் நகர்ந்தால் பன்னிரண்டு பேர் கூடி விசாரிக்க அதிகாரம் உண்டு, ஊரே கைமாறும்போது தடுக்க அந்தப் பன்னிரண்டு பேருக்கு அதிகாரம் இல்லை.

ஊராட்சி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் கிராமங்களுக்குப் பாரிஷ் கவுன்சில் என்ற தேர்ந்தெடுத்த சபையைக் கொடுத்தது. அதுவரை மாதா கோவில் சபையும் நிலக்கிழாரும் பார்த்துக்கொண்ட வேலைகள் மக்களின் கைக்கு வந்தன. பெண்கள் அதில் வாக்களிக்கவும் நிற்கவும் முடிந்தது. நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்க அவர்கள் 1918 வரை காத்திருந்தார்கள். வாக்காளர் மிகக் குறைந்த ஊர்களில் கவுன்சில்கூடக் கிடையாது. வாக்காளர்கள் எல்லோரும் கூடும் பாரிஷ் கூட்டமே சபை. கேட்க இனிமையாக இருக்கிறது. கையில் உள்ள வேலை என்ன? நடைபாதை, இடுகாடு, ஊர் மண்டபம், பேருந்து நிழற்குடை, சில விளக்குகள், வீட்டு வரியோடு சேர்த்து வாங்கும் ஒரு சிறு தொகை. வீடு கட்ட அனுமதி கொடுப்பதும் பள்ளிக்கூடம் நடத்துவதும் மேலே உள்ள சபைகளின் வேலை. பாரிஷ் கவுன்சில் கருத்துச் சொல்லலாம். இது நமக்குப் பழகிய கதைதானே? 73ஆம் அரசியல் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் மாநிலச் சட்டம் 1994இல் வந்தது. கிராம சபை கூடுகிறது, தீர்மானம் போடுகிறது, கையெழுத்து வாங்குகிறது. எந்த அதிகாரத்தை எவ்வளவு கொடுப்பது என்பது மாநிலத்தின் விருப்பம். ஏரிக்கரையின் கதி வேறு எங்கோ தீர்மானமாகிறது.

குடவோலை அன்பருக்கும் ஒரு வார்த்தை. உத்திரமேரூர்க் கல்வெட்டு, பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியது, நமக்குப் பெருமைதான். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். கணக்குக் காட்டாதவன் மீண்டும் நிற்க முடியாது. ஆனால் குடத்தில் பெயர் விழக் கால்வேலி நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவன் பெயர் அந்தக் குடத்தில் இல்லை. லாக்ஸ்டன் ஜூரியிலும் பல நூற்றாண்டு பட்டை இல்லாதவனுக்கு இடமில்லை. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 4 அன்று அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிக் கடுமையாகப் பேசியது இதை அறிந்துதான். கிராமக் குடியரசு என்று கண்ணீர் வடிப்பவர்கள் அந்த உரையையும் படித்துவிட்டு வடிக்கலாம்.

அப்படியானால் லாக்ஸ்டனில் என்னதான் இருக்கிறது? ஒரு நாள் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், பாதிக்கப்படுகிறவர்களே தம் காலால் நடந்து எல்லையைப் பார்க்கும் நாள். என் தந்தை காலத்தில் நமக்கும் ஜமாபந்தி இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் அதில் மேலதிகாரி வந்து கணக்கைப் பார்க்கிறார். அடங்கலையும் 'அ' பதிவேட்டையும் புரட்டுகிறார். பதிவேட்டில் வாய்க்கால் பத்திரமாக ஓடும். லாக்ஸ்டனில் காகிதத்தை யாரும் பார்க்கவில்லை, புல்லைப் பார்த்தார்கள்.

இதை எழுதும் யோக்கியதை எனக்கு எவ்வளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் மந்தைவெளிப் புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் மீது என் தந்தை ஆண்டுதோறும் தவறாமல் பி மெமோ எழுதினார். அவர்கள் வேறு போக்கிடம் இல்லாத கூலிக்காரர்கள். வாய்க்கால் புறம்போக்குக்குள் சால் ஓட்டிக்கொண்டே போன மிராசுதார்கள் மீது எழுதியதாக எனக்கு நினைவில்லை. அவர்களில் ஒருவர் என் பெரியப்பா. 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவியை ஒழித்தபோது வீட்டில் இழவு விழுந்தது மாதிரி இருந்தது. இப்போது நினைத்தால் ஒழித்தது சரிதான். ஊர்க்காரன் பார்த்தால் நேர்மை தானாக வந்துவிடும் என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. ஒரே ஆள், அதுவும் பரம்பரையாக, அதுவும் தனியாக அறைக்குள் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் ஆகும். பன்னிரண்டு பேர் வெளிச்சத்தில் நடந்தால், அதுவும் சுற்று முறையில், கொஞ்சம் குறையும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பாகப்பிரிவினைக்காக எங்கள் நிலத்தை அளந்தோம். பெரியப்பாவின் பங்கு வாரிசின்றி எங்களிடம் வந்துவிட்டது. பட்டாவில் உள்ளதைவிடத் தரையில் ஏழு சென்டு கூடுதல். வாய்க்கால் பக்கம். அளந்தவர் என்னைப் பார்த்தார், நான் தம்பியைப் பார்த்தேன். "அந்த வாய்க்காலில் தண்ணீர் வந்து இருபது வருஷமாச்சு" என்றான் தம்பி. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மாலையே டில்லிக்கு ரயில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் ஏரிகள் அழிவதைப் பற்றி எதிர் இருக்கைக்காரரோடு ஆவேசமாகப் பேசிக்கொண்டு வந்ததாக நினைவு. ஏழு சென்டு ஏறக்குறைய மூவாயிரம் சதுர அடி. எங்களுடையது கடைமடைக்கு முந்தைய நிலம். அடுத்தடுத்த நிலங்களிலும் ஆளுக்கு நாலைந்து சென்டு கூடுதலாக இருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எப்படி வரும்? கடைமடையில் இருப்பவர்கள் யார் என்று அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நம் சங்கத்தில் ஊரில் நிலம் உள்ளவர்கள் ஐம்பது பேராவது இருப்போம். குத்தகைக்கு விட்டுவிட்டு, கோவில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை அனுப்பிவிட்டு, பொங்கலுக்குப் பொங்கல் கிராமம் வாழுமா என்று இங்கே பட்டிமன்றம் நடத்துகிறோம். நான் ஒரு யோசனை வைக்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரவர் நிலத்தின் எஃப்.எம்.பி. நகலை எடுத்துக்கொண்டு, கடைமடைக்காரர் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு, எல்லையை ஒரு தடவை நடந்து பாருங்கள். பக்கத்து நிலத்துக்காரன் எவ்வளவு தள்ளிவிட்டான் என்று பார்ப்பதற்காக அல்ல. அது நமக்குக் கேட்காமலே தெரிந்திருக்கும். நம் சால் எங்கே போயிருக்கிறது என்று பார்க்க. திரும்பி வந்து சங்கத்தில் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். கைதட்டல் கிடைக்காது.

நான் இந்தத் தை மாதம் போகிறேன். நகலுக்கு மனுப்போட்டு வாங்கியாகிவிட்டது. தந்தையின் பழைய அளவுச் சங்கிலி பரணில் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தம்பிக்கு எழுதினேன். இருக்கிறதாம், நான்கைந்து கண்ணி மட்டும் துருப்பிடித்துவிட்டதாம். எதற்கு என்று கேட்டிருக்கிறான்.